ஏறியவரும் ஏற்றியவரும்

2023-ஆம் வருஷம் மே மாதம் 18-ஆம் தேதி, எவரெஸ்டின் உச்சிக்குச் சில நூறு மீட்டர் கீழே, ‘மரண மண்டலம்’ என்று மலையேறிகள் அஞ்சி அழைக்கின்ற பிரதேசத்தில், கட்டியிருந்த கயிற்றைப் பற்றியபடி குளிரில் நடுங்கிக்கொண்டு, மேலே செல்லவும் கீழே இறங்கவும் திராணியற்றுக் கிடந்த ஒரு மனிதரை, கெல்ஜே ஷெர்பா என்னும் முப்பது வயது வழிகாட்டி கண்டார். அவர் அப்போது தம்முடைய சீன வாடிக்கையாளர் ஒருவரைச் சிகரத்துக்கு அழைத்துச் சென்றுகொண்டிருந்தார். அந்த வாடிக்கையாளருக்கு எடுத்துச் சொல்லி, உச்சி கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருக்கும்போதே அந்த ஆசையைக் கைவிடச் செய்து, கிடந்தவருக்குப் பிராணவாயு கொடுத்து, படுக்கைப் பாயில் அவரைச் சுருட்டிக் கட்டி, பனியில் இழுத்தும், இழுக்க முடியாத இடங்களில் முதுகில் சுமந்தும், ஏறக்குறைய 6 மணி நேரத்தில் 600 மீட்டர் உயரம் கீழே கொண்டுவந்து சேர்த்தார். வழியில் இன்னொரு ஷெர்பாவும் தோள் கொடுத்தார். மடாலயத்துக்குச் சென்று பிரார்த்திப்பதைக் காட்டிலும் ஓர் உயிரைக் காப்பது பெரிது என்பதே அதைப்பற்றி அவர் பிற்பாடு தெரிவித்த அபிப்பிராயம்.

காப்பாற்றப்பட்டவர் மலேசியாவைச் சேர்ந்தவர். பெயரைக் கேட்ட மாத்திரத்தில் நம்மவர் என்று தமிழர் எவரும் சொல்லிவிடலாம். உயிர் பிழைத்து ஊர் திரும்பியபின் அவர் முதலில் வெளியிட்ட நன்றியுரையில் காப்பீட்டு நிறுவனமும் பயண நிறுவனமும் இருக்க, சுமந்தவர் பெயர் இல்லையே என்று உலகெங்கும் பெரிய கண்டனம் எழுந்து, பிறகு நன்றியும் கூறப்பட்டு, விவகாரம் ஒருவாறு ஓய்ந்தது. மரணத்தின் வாயிலிருந்து மீண்டுவந்த ஒருவர் முதல் சில நாட்களில் யாருக்கு என்ன சொன்னார் என்று கணக்குப் பார்ப்பது எனக்கு உவப்பான காரியமல்ல. அந்தக் கண்டனத்தில் கலந்துகொண்டவர்களைப் பற்றியே எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. எவரெஸ்ட் உச்சியில் தங்கள் நாட்டுக் கொடியோடு நிற்கும் ஒருவரின் படத்தைப் பத்திரிகையில் பார்த்துப் பெருமிதம் கொண்டபோது, அந்தப் படத்தைப் பிடித்தது யார் என்று அவர்களில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? ஏற்றிவிட்ட ஏணியை எட்டி உதைக்கலாகாது என்று நம் பெரியவர்கள் சொல்வதுண்டு. ஷெர்பாவின் விஷயத்தில் அந்த அறிவுரையும் முழுவதும் பொருந்தாது. ஏணி நின்ற இடத்தில் நிற்கிறது. ஷெர்பாவோ நம்முடன், பெரும்பாலும் நமக்கு முன்னால், ஏறிக்கொண்டிருக்கிறார்.

தமிழ் இலக்கணம் படித்த பிள்ளைகளுக்குத் தன்வினை, பிறவினை என்ற பாகுபாடு தெரியும். ஏறினான் என்பது தன்வினை. ஏற்றினான் என்பது பிறவினை. மலைமீது ஷெர்பா செய்கின்ற காரியத்தில் இரண்டு வினையும் ஒருங்கே நிகழ, உலகம் அவர் பெயரில் இரண்டாவதை மட்டும் பதிந்துகொண்டு முதலாவதை அடித்துவிடுகிறது. இதைச் சொற்சாதுரியம் என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். 2016-ஆம் வருஷத்தில் நேபாள அரசின் சுற்றுலாத் துறை, உச்சியைத் தொட்டுவந்த ஷெர்பாக்களுக்குச் சான்றிதழ் வழங்க மறுத்தது. விதிப்படி சான்றிதழ் பயணக்குழுவின் உறுப்பினர்களுக்கே உரியது, கூலி பெற்றுச் செல்வோர் உறுப்பினர் ஆகமாட்டார்கள் என்று காரணமும் கூறப்பட்டது. அதாவது, முன்னே சென்று கயிறு கட்டியவர் ஏறவில்லை. அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னே வந்தவர் ஏறினார்! பிற்பாடு விதி திருத்தப்பட்டது, சந்தோஷம். ஆனால் அப்படி ஒரு விதியை எழுதியபோது, எழுதிய பேனா ஓரிடத்திலும் தயங்கவில்லை போலும்.

ஷெர்பா என்பது ஓர் உத்தியோகத்தின் பெயர் என்றே நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அது ஒரு ஜனசமூகத்தின் பெயர். ‘ஷர்’ என்றால் கிழக்கு, ‘பா’ என்றால் மக்கள். ஏறக்குறைய ஐந்நூறு வருஷங்களுக்கு முன் திபெத்தின் கிழக்கேயுள்ள காம் பிரதேசத்திலிருந்து கணவாய்களைத் தாண்டிவந்து, நேபாளத்தின் கும்பு, சோலு முதலிய பள்ளத்தாக்குகளில் குடியேறி, யாக் மேய்த்தும் உருளைக்கிழங்கு பயிரிட்டும் நாங்பா லா கணவாய் வழியே திபெத்துடன் வியாபாரம் செய்தும் ஜீவித்தவர்கள் அவர்கள். பிறந்த கிழமையையே பிள்ளைக்குப் பெயராக இடுவது அவர்களிடையே பெருவழக்கு. தாவா என்றால் திங்கட்கிழமை பிறந்தவர், மிங்மா செவ்வாய், லாக்பா புதன், பூர்பா வியாழன், பாசாங் வெள்ளி, பெம்பா சனி, நீமா ஞாயிறு. மலைவிபத்துகளின் பட்டியலை வாசிக்கும்போது, ஒரு வாரத்தின் கிழமைகள் ஒன்றன்பின் ஒன்றாக உதிர்ந்துபோவது போன்ற பிரமை எனக்கு உண்டாவதுண்டு. போதாக்குறைக்கு, வல்லரசுகளின் உச்சி மாநாட்டுக்குத் தலைவர்களின் சார்பில் முன்னேற்பாடு செய்கின்ற அதிகாரிக்கும் ‘ஷெர்பா’ என்றே இன்று பெயர். 2023-இல் டில்லியில் நடந்த ஜி-20 மாநாட்டின்போது அந்தச் சொல் நாள்தோறும் நம் செய்தித்தாள்களில் அடிபட்டது. ஓர் இனத்தின் பெயரே பிறர் உச்சிக்குப் போவதற்கான ஏற்பாட்டைக் குறிக்கும் பொதுச்சொல்லாகிவிட்டது என்றால், அந்த இனத்தாரின் சொந்த ஏற்றம் கண்ணுக்குத் தெரியாமல் போனதில் அதிசயம் என்ன இருக்கிறது?

அவர்கள் வேலையின் தன்மையைச் சற்று அருகிலிருந்து பார்ப்போம். 5,364 மீட்டர் உயரத்திலுள்ள அடிவார முகாமிலிருந்து 6,000 மீட்டருக்கு மேலே இருக்கும் முதல் முகாமுக்குச் செல்லும் வழியில் கும்பு பனிவீழ்ச்சி கிடக்கிறது. நீர்வீழ்ச்சி உறைந்து, உறைந்த நிலையிலும் விழுந்துகொண்டே இருந்தால் எப்படியோ அப்படி. வீடு பெரிது, மாடம் பெரிது என்று சொல்லத்தக்க பனிப்பாளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாய்ச் சரிந்து நிற்க, அடியிலுள்ள பனியாறு நாளொன்றுக்கு ஒரு மீட்டர் வரையில் நகர்ந்துகொண்டிருக்கிறது. நேற்றுப் பார்த்த வழி இன்று இராது. பிளவுகளின்மேல் அலுமினிய ஏணிகளைப் படுக்கவைத்து, ஒன்று போதாவிடில் இரண்டையும் மூன்றையும் கயிற்றால் பிணைத்து, அவற்றின்மேல் இரும்பு முட்கள் பூட்டிய காலணியோடு, ஒவ்வொரு முள்ளும் ஏணியின் படியில் சரியாகப் பொருந்துகிறதா என்று குனிந்து பார்த்துப் பார்த்து நடக்கவேண்டும். குனிந்து பார்த்தால் படிகளுக்கு இடையே தெரிவது நீலம் கறுத்துப் போகும் ஆழம். வெயில் பட்டுப் பனி இளகுமுன் கடந்துவிட வேண்டும் என்பதற்காக நள்ளிரவு தாண்டியதும் நெற்றி விளக்கோடு புறப்படுகிறார்கள். புறப்படுமுன் கற்பீடத்தில் ஜூனிப்பர் இலையைப் புகையவிட்டு, ஒரு பிடி அரிசியை இறைத்து, சோமோலுங்மா என்று தாங்கள் அழைக்கும் எவரெஸ்டில் உறையும் தேவி மியோ லாங்சாங்மாவிடம், அவள் மேனிமீது இரும்பு முட்களோடு ஏறுவதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறார்கள்.

பணம் கொடுத்து வரும் மலையேறி இந்தப் பனிவீழ்ச்சியைப் பருவம் முழுவதிலும் சில தடவைகளே கடக்கிறார். உயரத்துக்குத் தேகத்தைப் பழக்கும் பயிற்சியை லோபுசே போன்ற அண்டைச் சிகரங்களில் முடித்துக்கொண்டு, ஒரே ஒரு தடவை ஏறி ஒரே ஒரு தடவை இறங்குவதோடு நிறுத்திக்கொள்வோரும் இப்போது பெருகிவிட்டனர்; அது விவேகமான ஏற்பாடுதான். ஆனால் மேல்முகாம்களில் அவருக்கு வேண்டிய கூடாரம், கயிறு, அடுப்பு, எரிவாயு, உணவு, பிராணவாயு உருளை எல்லாம் தாமே நடந்து போவதில்லை. அவற்றைச் சுமந்து அதே பனிவீழ்ச்சியை ஒரே பருவத்தில் இருபது தடவைக்குக் குறையாமல் கடக்கும் ஷெர்பாக்கள் உண்டு. ஒரு தடவை கடப்பதில் உள்ள அபாயம் இருவருக்கும் ஒன்றே என்று வைத்துக்கொண்டாலும், மலையேறி தம் அபாயத்தைக் குறைத்துக்கொள்ளும்போதெல்லாம் அது கரைந்து மறைந்துவிடவில்லை, அடுத்தவர் முதுகுக்கு மாற்றப்பட்டது என்பது எளிய கணக்கு. எவரெஸ்டில் இதுவரை மாண்டவர்கள் முந்நூறுக்கும் மேல். அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் கூலிக்குச் சென்றவர்கள்.

மேல் முகாமில் வேலை வேறு விதம். பனியை உடைத்துப் பாத்திரத்தில் போட்டு, நெடுநேரம் உருக்கி, ஒரு கோப்பைத் தேநீராக்கி, படுத்திருப்பவரை எழுப்பிக் கொடுப்பதும் ஷெர்பா. அவர் காலணிக்கு முள் பூட்டிவிடுவதும் ஷெர்பா. உச்சிக்குப் புறப்பட்ட இரவில் வாடிக்கையாளரின் முகமூடியில் மூச்சின் ஈரம் உறைந்து வால்வு அடைபட்டால், தம் தடித்த கையுறையைக் கழற்றி, வெறும் விரலால் அந்தப் பனியைச் சுரண்டிவிடுகின்றவரும் அவரே. அந்தச் சில விநாடிகளுக்கு விரல் நுனி கொடுக்கும் விலை சில வேளைகளில் விரலாகவே முடிகிறது.

“அவர்கள் தேகம் அதற்கென்றே அமைந்தது; நமக்குள்ள சிரமம் அவர்களுக்கு ஏது?” என்று சமாதானம் சொல்வோர் உண்டு. திபெத்திய உயர்நிலங்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களின் உடல் குறைந்த பிராணவாயுவைச் சிக்கனமாகச் செலவிடக் கற்றுக்கொண்டிருக்கிறது, நம் இரத்தம்போல் அவர்கள் இரத்தம் உயரத்தில் அளவுமீறித் தடிப்பதில்லை என்பதெல்லாம் விஞ்ஞானம் ஒப்பும் உண்மைகளே. அங் ரீத்தா ஷெர்பா செயற்கைப் பிராணவாயு இல்லாமலே பத்துத் தடவை எவரெஸ்டில் ஏறினார். பாபு சிரி ஷெர்பா 1999-இல் அதன் உச்சியிலே பிராணவாயு இன்றி 21 மணி நேரம் தங்கினார். அந்தப் பாபு சிரிதான் 2001 ஏப்ரலில், இரண்டாம் முகாமின் அருகே, தம் கூடாரத்துக்கு அதிக தூரமில்லாத இடத்தில், பனிப்பிளவு ஒன்றில் விழுந்து மாண்டார். பிளவு இரத்தப் பரிசோதனை செய்துபார்த்து ஆளை விழுங்குவதில்லை. மேலும், சிகரம் ஏறுவது ஷெர்பாக்களின் குலத்தொழிலும் அன்று. சிகரங்கள் தெய்வங்களின் இருப்பிடம், அங்கே மனிதனுக்கு வேலையில்லை என்று இருந்தவர்கள் அவர்கள். பிழைப்புத் தேடி டார்ஜிலிங்குக்கு வந்து கூலிவேலை செய்தவர்களை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கெல்லாஸ் என்ற ஸ்காட்லாந்து ரசாயன அறிஞர் தம் மலைப்பயணங்களுக்கு அழைத்துச் சென்று, அவர்கள் திறமையை வெளியுலகுக்கு உணர்த்திய பிறகே இந்தத் தொழில் பிறந்தது.

பிறந்தபோதே மரணமும் கூட வந்தது. 1922 ஜூன் 7-ஆம் தேதி, எவரெஸ்டின் திபெத்துப் பக்கத்தில், வடக்குக் கணவாயின் சரிவில், புதுப்பனி பெய்திருந்த நிலையில் மல்லோரி என்னும் ஆங்கிலேயரின் தலைமையில் ஏறிய குழுவின்மேல் பனிச்சரிவு பாய்ந்து ஏழு சுமைக்காரர்களை அடித்துச் சென்றது. எவரெஸ்ட் கொண்ட முதல் உயிர்கள் அவை. முன்னே சென்ற மூன்று ஆங்கிலேயரும் பிழைத்தனர். அவர்களுள் ஒருவர் சாமர்வெல் என்ற அறுவை மருத்துவர். அந்த ஏழு பேரின் கதியில் பங்குகொள்ள எங்களில் ஒருவனாவது மாண்டிருக்கலாகாதா என்ற வேதனையை அவர் பின்னாளில் மறைக்காமல் எழுதிவைத்தார். இந்த மனிதரை நம்மில் தென்கோடியினர் அறிவார்கள். அந்த வருஷமே இந்தியாவைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு தென்திருவிதாங்கூர் வந்தவர், இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் நெய்யூரின் மிஷன் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் கூட்டத்தையும் வைத்தியர் பற்றாக்குறையையும் கண்டு, லண்டனில் தமக்குக் காத்திருந்த உத்தியோகத்தை உதறிவிட்டு அங்கேயே மருத்துவராகத் தங்கிப் பல்லாண்டு ஊழியம் செய்தார். வடக்குக் கணவாயில் இறந்தவர்களுக்காகத்தான் அவர் நெய்யூர் வந்தார் என்று சொல்ல எனக்கு ஆதாரமில்லை. ஆயினும் ஏழு கூலிகளின் சாவை வெறும் செலவுக் கணக்காக எழுத மறுத்த மனம் எதுவோ, அதே மனந்தான் நெய்யூரிலும் தங்கியது என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு திருப்தி உண்டு.

அத்தகைய மனம் எல்லோருக்கும் வாய்க்கவில்லை. 1953-இல் எவரெஸ்டை வென்ற அதே பயணத்தின் தொடக்கத்தில், காட்மாண்டுவிலுள்ள பிரிட்டிஷ் தூதரகத்தில் ஆங்கிலேயருக்கு அறைகளும் ஷெர்பாக்களுக்குக் கழிப்பிடம்கூட இல்லாத வண்டிக் கொட்டகையும் ஒதுக்கப்பட, மறுநாள் காலையில் அவர்கள் கொட்டகைக்கு முன்னாலேயே சிறுநீர் கழித்துத் தங்கள் ஆட்சேபத்தைத் தெரிவித்தார்கள். அந்தக் கொட்டகைக்காரர்களின் தலைவர்தான் டென்சிங் நோர்கே. அதற்குமுன் ஆறு தடவை எவரெஸ்டுக்குச் சென்றவர். முந்தின வருஷம் சுவிஸ் நாட்டு லாம்பெர்ட்டுடன் உச்சியை ஏறக்குறைய நெருங்கித் திரும்பியவர். மே 29-ஆம் தேதி அவரும் ஹிலாரியும் ஒரே கயிற்றில் உச்சியை அடைந்தார்கள். பயணக்குழுவின் தலைவர் ஹன்ட்டுக்கும் ஹிலாரிக்கும் ‘சர்’ பட்டம் கிடைத்தது. டென்சிங்குக்கு ஜார்ஜ் மெடல் கிடைத்தது. உச்சியில் நிற்பதாக உலகம் அறிந்த படம் டென்சிங்கின் படம், பிடித்தவர் ஹிலாரி. ஏற்றியவர் படத்திலும் ஏறியவர் படத்துக்குப் பின்னாலும் நின்ற அந்த விசித்திரம் அதன்பின் எவரெஸ்டில் அடிக்கடி நிகழவில்லை.

2014 ஏப்ரல் 18-ஆம் தேதி விடியற்காலையில் மலையின் மேற்குத் தோளிலிருந்து ஒரு பெரும் பனிப்பாளம் பெயர்ந்து, பனிவீழ்ச்சியில் சுமையோடு சென்றுகொண்டிருந்தவர்கள்மேல் விழுந்தது. 16 பேர் மாண்டனர். 16 பேரும் நேபாளிகள். மூவரின் சடலங்கள் கிடைக்கவே இல்லை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஈமச்செலவாக 40,000 நேபாள ரூபாய் தரப்படும் என்று அரசு அறிவித்தது. எவரெஸ்ட் ஏற அன்னியர் ஒருவர் அரசுக்குச் செலுத்திய கட்டணம் பல லட்ச ரூபாய் என்பதை அறிந்திருந்த ஷெர்பாக்கள், அந்தப் பருவத்தில் இனி ஏறமாட்டோம் என்று மூட்டையைக் கட்டினார்கள். மலைக்கு வந்து காத்திருந்தவர்களில் சிலர் அலுத்துக்கொண்டார்கள். அந்த மறுப்பின் பயனாகவே காப்பீட்டுத் தொகை பத்து லட்சத்திலிருந்து பதினைந்து லட்சம் நேபாள ரூபாய்க்கு உயர்ந்தது.

இவ்வளவும் சொன்னபின், எதிர்த்தரப்பின் வாதத்தையும் நேர்மையாக எடைபோட வேண்டும். யாரும் அவர்களை நிர்ப்பந்திக்கவில்லை. இரண்டு மாதத்தில் ஒரு நல்ல வழிகாட்டி சில ஆயிரம் டாலர் சம்பாதிக்கிறார், அது அந்நாட்டின் சராசரி வருமானத்தைப்போல் பன்மடங்கு. அந்தப் பணத்தில்தான் கும்புப் பள்ளத்தாக்கில் விடுதிகள் எழும்பின, பிள்ளைகள் காட்மாண்டுவில் படித்தார்கள் என்பார்கள். மறுப்பதற்கில்லை. 2025-க்குள் எவரெஸ்டில் 31 தடவை ஏறி உலக சாதனை படைத்த காமி ரீத்தா ஷெர்பாவே, சாதனைக்காக ஏறவில்லை, தம் வேலையைச் செய்தேன் என்று சொல்லியிருக்கிறார். ஆனால் இப்படிச் சம்பாதித்தவர்களில் பலர் தம் மக்கள் இந்தத் தொழிலுக்கு வரலாகாது என்று விரும்புகிறார்கள். நல்ல தொழில் என்று நாம் கரையில் நின்று கொடுக்கும் நற்சாட்சியைக் காட்டிலும், ஒரு தகப்பன் தன் மகனுக்கு அதை வேண்டாமென்பது எனக்குப் பெரிய சாட்சியாகப் படுகிறது.

2025 செப்டம்பர் முதல் எவரெஸ்ட் அனுமதிக் கட்டணம் 11,000 டாலரிலிருந்து 15,000 டாலராக உயர்ந்திருக்கிறது. பயண நிறுவனங்களுக்குச் செலுத்துவதையும் சேர்த்தால் 40,000 டாலருக்குக் குறைந்து ஒருவர் அங்கே ஏறுவது அரிது. உயர்ந்த அந்த 4,000 டாலரில் ஒரு பங்கை, இறந்தவர்களின் குடும்பத்துக்கும் விரலும் முழங்காலும் போனவர்களின் முதுமைக்கும் சட்டப்படி ஒதுக்குவதில் என்ன தடை? காப்பீட்டையும் ஆளுக்கு இவ்வளவு என்று ஒரே படியாக வைக்காமல், பனிவீழ்ச்சியைக் கடக்கும் தடவைக்குத் தக்கபடி ஏற்றினால், வீண் சுமைகளை மேலே அனுப்புமுன் நிறுவனங்கள் தாமாகவே யோசிக்கும். கூடாரத்துக்குள் கம்பளம் விரிக்க வேண்டுமென்று கேட்பவர், அதற்காக ஒருவர் எத்தனை ஏணிகளைக் கடக்கவேண்டும் என்பதையும் விலைச்சீட்டில் பார்க்கட்டும்.

ஏற்றுகின்ற வேலை நீங்கினால் அவர்கள் எப்படி ஏறுவார்கள் என்பதை 2021 ஜனவரி 16-ஆம் தேதி உலகம் கண்டது. குளிர்காலத்தில் அதுவரை யாரும் எட்டாத கே-2 சிகரத்தை அன்று பத்து நேபாளிகள் எட்டினர்; ஒன்பது பேர் ஷெர்பாக்கள், ஒருவர் மகர் இனத்தவர். வாடிக்கையாளர் எவருமில்லை. உச்சிக்குச் சில அடிகள் முன்னால் முதலில் வந்தவர்கள் நின்று, மற்றவர்களுக்காகக் காத்திருந்து, பத்துப் பேரும் தோளோடு தோள் சேர்ந்து, தங்கள் தேசிய கீதத்தைப் பாடிக்கொண்டு கடைசி அடிகளை நடந்தார்கள். அந்தப் பத்துப் பேரில் கெல்ஜே ஷெர்பாவும் ஒருவர்.

வருஷந்தோறும் மாசி பங்குனியில், அன்னியர் எவரும் அடிவார முகாமுக்கு வருமுன்பே, பனிவீழ்ச்சியில் வழி அமைப்பதற்கென்று ஒரு சிறு கூட்டம் புறப்படுகிறது. ‘ஐஸ்ஃபால் டாக்டர்கள்’ என்று அவர்களுக்குப் பெயர். சில மணி நேரம் முதுகில் சுமக்கவேண்டிய ஏணியையும் கயிற்றையும் சில நிமிஷங்களில் ட்ரோன் கொண்டுவந்து இறக்கும் ஏற்பாடு 2025-இல் வந்திருக்கிறது. மிகவும் நல்ல காரியம். ஆனால் இறக்கிய ஏணியைப் பிளவின்மேல் கிடத்தி, மறுகரையில் இன்னும் எதுவும் கட்டப்படாத நிலையில், அதன்மேல் முதலில் ஒருவர் நடந்தாக வேண்டியிருக்கிறது. இடுப்புக் கயிற்றின் நுனியைப் பின்னால் நிற்பவர் பிடித்திருக்க, இரும்பு முட்களைப் படியில் பொருத்திப் பொருத்தி அவர் அக்கரை சேர்கிறார். பனியில் திருகாணியை இறுக்கி ஏணியைக் கட்டுகிறார். பிறகு, அடுத்த ஏணியை எடுப்பதற்காக அதே வழியே திரும்பி வருகிறார்.